உன் மூக்காக இருந்த மூன்று நாள்

இன்று மதியம் சின்யோராவின் மகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்த வைன் போத்தலை என்னிடம் தந்து திறக்கச் சொன்னாள். சின்யோராவுக்கு, பலெர்மோவின் கால்சாப் பகுதியில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு, இன்று தொண்ணூறு வயதாகிறது. அதற்குத்தான் வைன். தக்கையை இழுத்ததும் நாவல்பழம் மணத்தது. போத்தலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "கெட்டுவிட்டதா?" என்று மகள் கேட்டாள். இல்லை, நல்ல வைன் என்று சொல்லி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்கு வந்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது. உனக்கு ஒரு வரி எழுத இன்றைக்குத்தான் மனம் வந்தது.

எனக்கு உன்மேல் கோபம்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே வகுப்பில் படித்து, ஒரே முகவரை நம்பி ஊரைவிட்டு வந்தவர்கள் நாங்கள். நான் பலெர்மோவில் மாட்டிக்கொண்டேன். நீ பிரான்சில் பர்கண்டிக்குத் திராட்சைப்பழம் பிடுங்கப் போய், பீப்பாய் கழுவி, இருபது வருடத்தில் வெள்ளைக்காரருக்கே வைன் விளக்கும் வழிகாட்டியாகிவிட்டாய். ஊரில் கள்ளுக்கொட்டில் இருந்த பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள் நீ. "வந்து ஒருக்கா என்ரை ராச்சியத்தைப் பாரடா" என்று வருடாவருடம் கூப்பிட்டாய். போன வருடம் ஆடி மாதம்தான் எனக்கு ஐந்து நாள் லீவு கிடைத்தது.

உன் வான் வண்டியில் எட்டுச் சுற்றுலாக்காரரோடு என்னையும் ஏற்றிக்கொண்டாய். மேட்டில் நிறுத்தி, "இதுதான் தோட்டம்" என்றாய். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நம்மூரில் திராட்சை, எங்கள் முந்திரிகை, என்றால் பந்தலில் படர வேண்டும், கீழே நின்று அண்ணாந்து பழம் பார்க்க வேண்டும். இங்கே இடுப்பளவில் வரிசை வரிசையாகச் செடிகள்.

"பந்தல் எங்கையடா?" என்று கேட்டேன்.

நீ சிரித்த சிரிப்பில் அந்த எட்டுப் பேரும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, ஒரு பாதைக்கு இந்தப் பக்கத்து வைனும் அந்தப் பக்கத்து வைனும் ஏன் ஒன்றல்ல என்று விளக்கத் தொடங்கினாய். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் கணக்கு வாத்தியாரிடம் வாரம் தவறாமல் அடி வாங்கினவன், அங்கே நின்று வாத்தியார் மாதிரிக் கதைத்தாய். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் நிலவறையில் நீ போத்தல் திறக்க, நான் கிளாஸ் ஏந்தி நின்றேன். திறந்ததும் வழிகாட்டிதான் முதலில் மணந்து பார்க்க வேண்டும், சரியென்றால்தான் விருந்தாளிக்கு ஊற்ற வேண்டும். நீ மூக்கைக் கிளாசுக்குள் விட்டாய். கண்ணை மூடினாய். தலையாட்டிவிட்டு, செரிப்பழம், ரோசாப்பூ என்று அடுக்கினாய். பக்கத்தில் நின்ற என் மூக்குக்கோ வேறு மணம் வந்தது.

"டேய், ஈரச்சாக்கு மணக்குது" என்று மெல்லச் சொன்னேன்.

உன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கிளாசை உயர்த்திப் பிடித்து, "நான் சொன்ன மணமெல்லாம் இதில் இருந்திருக்க வேண்டும். தக்கை கெட்டால் என்ன ஆகும் என்று நீங்களே மணந்து பாருங்கள்" என்று அவர்களிடம் நீட்டினாய். எட்டுப் பேரும் மூக்கைச் சுளித்து, கைதட்டினார்கள்.

அவர்களைக் கொண்டுபோய் ஹோட்டலில் இறக்கிவிட்டு வரும் வழியில் வானை ஓரங்கட்டினாய்.

"ரெண்டு வருசமா ஒண்டும் மணக்கேல்லை, மச்சான். கொரோனா வந்து போனதிலையிருந்து. கோப்பியும் மணக்கேல்லை, கக்கூசும் மணக்கேல்லை."

"அப்ப எப்பிடியடா இவ்வளவு நாளும்?"

"எந்தத் தோட்டம், எந்த வருசம் எண்டு போத்தலிலை கிடக்குதே. மிச்சம் பாடமாக்கினது. கெட்ட போத்தல் ஒண்டும் இவ்வளவு நாளும் அகப்படேல்லை."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒருத்தருக்கும் சொல்லாதை. முக்கியமா ஊரிலை இருக்கிற என்ரை மனுசிக்குச் சொல்லாதை. முதலாளிக்குத் தெரிஞ்சால் வேலை போச்சு. வேலை போனால் அவளை இஞ்சை கூப்பிடேலாது. பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு."

கலியாணம் கட்டி ஆறு வருடம். இரண்டு தடவை ஊருக்குப் போய்த்தான் அவளோடு இருந்திருக்கிறாய். நான் சத்தியம் செய்துகொடுத்தேன்.

மிச்ச மூன்று நாளும் நான்தான் உன் மூக்கு. நீ கிளாசைச் சுழற்றிவிட்டு எனக்கு நீட்டுவாய். நான் தமிழில் முணுமுணுப்பேன். "நாவல்பழம்." "மழை விட்ட பிறகு பனங்கூடல்." "வெந்தயம் வறுக்கிற மாதிரி." நீ அதையெல்லாம் எப்படித்தான் பிரெஞ்சில் சொன்னாயோ, ஒரு அமெரிக்கக் கிழவர் உன்னைப்போல வழிகாட்டியைத் தான் கண்டதில்லை என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

கடைசி நாள் ரயில் நிலையத்தில், "அறுவடை முடியுமட்டும் நில்லடா" என்றாய். எனக்கு இத்தாலியில் தங்கும் பெர்மெசோ அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், தவணை இருந்தது. அதை விட்டால் பிறகு எப்போது தருவார்கள் என்று தெரியாது. "வாறன், மச்சான்" என்று ஏறிவிட்டேன். உண்மையில் லீவை நீட்டிக் கேட்டு இன்னும் இரண்டு நாள் நின்றிருக்கலாம். தவணை அடுத்த கிழமைதான்.

தை மாதம் ஒரு காலையில், வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணி வைக்கப் போயிருக்கிறாய். சிலிண்டர் குழாய் கசிந்து அறை முழுக்க வாயு நிறைந்திருந்தது. நீ நெருப்புக்குச்சியைத் தட்டினாய்.

செத்தவீட்டுக்கு வந்தேன். பாரிஸில் இருந்து வந்த நம் சனம் வாசலில் நின்று கதைத்தது. "மண்ணை மணந்தே தோட்டத்தைச் சொல்லுற மூக்கு. காஸ் மணம் தெரியாமல் போகுமோ? தெரிஞ்சுதான் செய்திருக்கிறான்." உன் முதலாளியும் அதைத்தான் நம்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. உனக்குத் தந்த சத்தியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. நான் பயந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உன் மனைவி ஊரிலிருந்து போன் எடுத்தாள். நான் வேலை முடிந்து வியா மக்வேதாத் தெருவில் வந்துகொண்டிருந்தேன். சனக்கூட்டம். ஒரு கடையின் இரும்புக் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்னைக் கூப்பிட விருப்பமில்லாமல் தானாத்தான் செய்தவரோ?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கொரோனா, ஈரச்சாக்கு, நாவல்பழம், சத்தியம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நான் எப்போதும் இப்படித்தான், பிந்தித்தான் நினைப்பேன்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ஆடியிலையிருந்து."

மறுபக்கம் அழுகை இல்லை.

"சொல்லியிருந்தா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கச் சொல்லியிருப்பன், அண்ணை."

தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எத்தனை தரம் எடுத்தும் அவள் தொடவில்லை.

உன்மேல் கோபம் என்று தொடங்கினேன். யார்மேல் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். வேலை, முதலாளி, பேப்பர் என்று உன் மூக்கால் என்னென்ன போகும் என்று அந்த மிச்ச மூன்று நாளும் கதைத்தோம். அந்த மூன்று நாளும் விடிய எழும்பி, அந்தக் காஸ் அடுப்பில் நீ வைத்துத் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னேன்.