இரண்டாவது முடிச்சு

மரக்காணம்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

சக்கரை மாமாவுக்கு,

பொன்னி எழுதுகிறேன். நானும் நம் மகள் நிவேதாவும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அரை மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க உப்பில் நின்றுவிட்டு டீயில் மூன்று கரண்டி சக்கரை போட்டுக் குடிக்கிற மனுஷனுக்கு நான் வைத்த பேர் சக்கரை. அதைச் சொல்லிக் கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். உனக்கு ஒரு கடுதாசியும் எழுதியதில்லை. எழுதுகிற அளவுக்கு நீ எங்கேயும் போனதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பொம்பளை. அவள் உனக்குக் கடுதாசி எழுதுகிறாள், கல்யாண மண்டபம் நிறைய ஜனம் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். அவள் எழுதலாம், நான் எழுதக் கூடாதா?

முதலில் இருந்து சொல்கிறேன். வானூரிலிருந்து ஜான்சி டீச்சர் வருவார்களே, கதை எழுதுகிறவர்கள். உன் கடைசிக் கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உப்பள வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்து உன்னைப் பேசச் சொல்லிக் கேட்பார்கள். நான் கஞ்சித் தூக்கோடு வந்தால், "அங்க வெச்சிட்டுப் போ" என்று கையைக் காட்டுவாய். என்னிடம் பத்து வார்த்தை பேசாத ஆள் அவர்களிடம் நூறு பேசினாய். அப்போதே எனக்கு வயிறு எரிந்தது. படித்தவர்கள், நமக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

நீ போன பிறகு வந்த பொங்கலுக்கு உன் கதை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று டீச்சர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிவேதா படித்துக் காட்டினாள். மாமா, முதல் வரியிலேயே நீ செத்துப்போகிறாய். உப்புப் பாத்தியில் குப்புற விழுந்து கிடக்கிறாய். நிறுத்துடி என்றேன். "இரும்மா, இனிமேதான் கதை பின்னாடி போவுது" என்றாள். அடுத்த பக்கத்தில் நீ இருபது வயசுப் பிள்ளையாக சைக்கிளில் வருகிறாய். அதற்கப்புறம் நானே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டேன். நீ டீ குடிக்கிற பக்கம் வந்ததும் மூடி வைத்துவிடுவேன். அதைத் தாண்டினால் மறுபடியும் அந்தப் பாத்தியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆனால் அந்தப் பத்துப் பக்கத்தில் நான் எங்கே மாமா? "மனைவி கஞ்சி கொண்டு வந்தாள். வைத்தாள். போனாள்." அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம்.

அது போகட்டும். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வருஷா வருஷம் முதல் உப்பு வாருதலுக்குப் பூசை போட்டு, மேஸ்திரி ஆளுக்கு இரண்டு கை உப்பு கொடுப்பார். நீ அதைத் துண்டின் இரண்டு முனையில் இரண்டு முடிச்சாக முடிந்து கொண்டு வருவாய். ஒன்றை என் உப்பு ஜாடியில் அவிழ்ப்பாய். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பிப் போவாய். எங்கே என்றால், "கடலுக்குக் குடுக்கத்தான்" என்பாய். நானும் நம்பினேன். கதையில் அந்த இரண்டாவது முடிச்சு கடலுக்குப் போகவில்லை. பிரம்மதேசம் ஊரில் ஒருத்திக்குப் போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் நீ ஆசைப்பட்ட பொண்ணாம். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் வீட்டு வாசலில் அந்த முடிச்சை வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருகிறாயாம்.

சிரிக்காதே. நான் பஸ் ஏறி பிரம்மதேசம் போனேன். கோயிலுக்குப் பின்னால் தெரு, முருங்கை மரம், பச்சைக் கதவு என்று கதையில் எழுதியிருந்தது. தெரு இருந்தது. முருங்கை வீட்டுக்கு வீடு இருந்தது. பச்சைக் கதவு மட்டும் இல்லை. உன் வயசுக்கு ஏற்ற பொம்பளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கீரை விற்கிறவள், "யாரத் தேடுற?" என்று கேட்டாள். கதையில் அந்தப் பொண்ணுக்குப் பேர்கூட வைக்கவில்லையே. அரைக்கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் டீச்சரிடமே கேட்டேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. "அக்கா, ரெண்டு முடிச்சுன்னு மட்டும்தான் அவர் சொன்னாரு. இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டேன், சிரிச்சாரு. கதைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு, நானா வெச்சேன்" என்றார்கள். எப்படிச் சிரித்தாய் என்று கேட்டேன். பல் தெரிந்ததா, உதட்டை மூடியா? பல் தெரிந்தால் கேலி. உதட்டை மூடினால் எதையோ மறைக்கிறாய். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. "அத நான் கவனிக்கலியேக்கா" என்றார்கள். பத்துப் பக்கம் எழுதினவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருந்தால் போதும், பத்துப் பக்கமும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

என்னை ஏன் மூன்று வரியில் முடித்தீர்கள் என்றும் கேட்டேன். "இது அவரு மனசுக்குள்ள இருந்து சொல்ற கதைக்கா. அவரு கண்ணு போற எடம்தான் கதையில வரும்" என்றார்கள். அவர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். வீடு வரைக்கும் நான் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். உன் கண் என் மேல் படவே இல்லையா?

இதற்கு மேல்தான் படம். டீச்சரிடம் படித்த பிள்ளை அருண்ராஜ் அந்தக் கதையைக் குறும்படமாக எடுத்தான். நிஜம் மாதிரி இருக்கவேண்டும் என்று என் புடவையைக் கேட்டு வாங்கிப் போனான். நீ திண்டிவனத்தில் எடுத்துக்கொடுத்த பச்சை. போன வாரம் மண்டபத்தில் போட்டார்கள். உன் வேஷக்காரன் உச்சி வெயிலில் உப்பு வாருகிறான். விடியக்காலையிலேயே முடிய வேண்டிய வேலை! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருக்காணி என் விலாவில் இடித்து, "உம்புருஷன் பார்த்தா உப்பு வாருற பலகையப் புடுங்கி முதுகுல ரெண்டு வெப்பாருடி" என்றாள். வெளிச்சம் இல்லாமல் கேமராவுக்குத் தெரியாதாம். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் புடவை வருகிறவரைக்கும்.

படத்தில் பிரம்மதேசத்துக்காரி இல்லை. "ரெண்டு பொம்பளைங்கள வெச்சா யாருக்காக அழறதுன்னு ஜனங்க முழிப்பாங்கம்மா, படமே பதினெட்டு நிமிஷம்தான்" என்று அருண்ராஜ் எடுத்துவிட்டான். அதனால் படத்துப் புருஷன் இரண்டு முடிச்சையும் பொண்டாட்டிக்கே கொடுக்கிறான். ஒன்றை ஜாடியில். இன்னொன்றை அவள் உள்ளங்கையில் வைத்து விரலை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறான். பேச்சே இல்லை. கையை மட்டும் பெரிதாகக் காட்டுகிறார்கள். கடைசியில் அவள் செத்த புருஷனுக்குக் கடுதாசி எழுதுகிறாள், நல்ல தமிழில், ஒரு எழுத்து அடிக்காமல். மண்டபமே அழுதது. அருக்காணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

அந்த இல்லாத பிரம்மதேசத்துக்காரி மேல்கூட எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை மாமா. இவள் என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் இடத்தில் நின்று, எனக்குக் கிடைக்காததைப் பதினெட்டு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். புடவை திரும்பி வந்தது. வேறு சோப்பு வாசம். இன்னும் கட்டவில்லை.

நேற்று முதல் வாருதல். நீ போனதிலிருந்து நானும் அதே உப்பளத்தில்தான் வேலை செய்கிறேன். போன வருஷம் தீட்டு என்று பூசைக்குக் கூப்பிடவில்லை. இந்த வருஷமும் சிலபேர் முகத்தைத் திருப்பினார்கள். அந்தோணிராஜ் மேஸ்திரிதான், "அண்ணி, அர்ச்சுனன் அண்ணன் பங்கு உன்னுது. துண்ட ஏந்து" என்று சத்தமாகச் சொல்லி இரண்டு கை உப்பை உன் துண்டில் போட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், இரண்டு முடிச்சு. நான் நினைத்துப் போடவில்லை, கை தானாகப் போட்டிருக்கிறது.

ஒன்றை ஜாடியில் அவிழ்த்தேன். இன்னொன்றோடு எக்கியார்குப்பம் பக்கம் கடற்கரைக்குப் போய் நின்றேன். கை அவிழ்க்க மாட்டேன் என்றது. கடலில் போட்டால் நீ சொன்னது நிஜமாகும். பிரம்மதேசம் கொண்டுபோனால் டீச்சர் எழுதினது. நானே வைத்துக்கொண்டால் அந்தப் படத்துக்காரி. மூன்று பேரும் ஆளுக்கொரு முடிவு சொல்லிவிட்டீர்கள், முடிச்சு என் மடியில் இருக்கிறது.

அது எவளுக்காக இருந்தாலும் உன்னோடு சண்டை போடமாட்டேன். இல்லை, பொய், போடுவேன். ஆனாலும் சோறு போட்ட பிறகுதான் போடுவேன். நீ இருக்கிற இடத்தில் வெயில் கம்மியாக இருக்கட்டும். டீயில் சக்கரையைக் குறைக்காமல் கொடுக்கட்டும். அங்கிருந்தே நம் பிள்ளை நிவேதாவைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன
பொன்னி.

மடியில் உப்பு கசிந்து புடவை நனைகிறது. சொல்லு மாமா, இது யாருக்கு?