தொண்ணூற்றாறு டிகிரியில் கொதித்த சாறு

மார்ச் 19, செவ்வாய். சூசையப்பர் திருநாள்

கொப்பரை கருகியபோது நான் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ஊரில் பேச்சு. தவறு. அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் சாறு காய்ச்சும் கொட்டகையிலேயே இல்லை. கோவிலில் சிலுவைப்பாதையில் முழங்காலிட்டிருந்தேன், பங்குக்குருவைக் கேட்கலாம். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவன் என் கணவரின் தம்பி ஆர்மான்.

இன்னொரு தவறு: "கிழவியின் புரோகிராம் எரித்துவிட்டது." மேப்பிள் மரத்துச் சாறு சுண்டி நூற்றுநான்கு டிகிரியைத் தொட்டால் பாகு. வெப்ப உணரி அதைச் சொல்லும், என் புரோகிராம் வால்வைத் திறக்கும், பாகு வடியும். இத்தனை பருவங்களாகப் பிசகாமல் வடிந்தது. வெள்ளியன்று வால்வு திறக்கவில்லை. பாகு கரியாகிவிட்டது.

ஆர்மான் அன்றே என்னிடமிருந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டான். மறைந்த என் கணவர் ஃபெர்னான் தன் கையால் எழுப்பிய கொட்டகை. ஞாயிறன்று குடும்பம் கூடி, என் கருவியைக் கழற்றி எறிவதா என்று முடிவு செய்யுமாம். எறிந்துவிட்டால் அந்த வாசலை மிதிக்க எனக்கு வேறு காரணம் கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும்.

மார்ச் 20

பட்டாணி சூப். ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 21

ஜினெட் வந்தாள். ஆர்மானின் மகள், இப்போது கொட்டகையை நடத்துபவள். பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வரை வந்துவிட்டாள்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. புரோகிராமை எல்லாரும் எழுதுற மொழியில எழுதியிருந்தா யாராவது எட்டிப் பாத்திருப்பாங்க. நீங்க எழுதினது லத்தீன் பூசை மாதிரின்னு அப்பா சொல்றாரு. சாமிக்கும் உங்களுக்கும்தான் புரியுமாம்."

"உங்க அப்பனுக்கு எந்த மொழியில பூசை வச்சாலும் தூக்கம்தான் வரும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு நுரை கூரையை முட்டுது, திரையில தொண்ணூத்தாறுன்னு நிக்குதாம். தொண்ணூத்தாறுல எந்தச் சாறு கொதிக்கும், சொல்லுங்க?"

சரியான கேள்வி. கேட்டவளுக்குத்தான் அது தெரியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

நான் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதுவது வீம்புக்காக அல்ல. அதில் வெளியுலகைத் தொடும் வரிகளுக்குத் தனி வேலி உண்டு. உணரியோடு பேசுவதெல்லாம் வேலிக்கு அப்பால். வேலிக்குள் இருப்பது வெறும் கணக்கு: ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே விடை, நேற்றும் இன்றும் தீர்ப்பு நாளிலும். கணக்கை மறுபடி சரிபார்த்தேன். பிழையில்லை. அப்படியானால் பொய் கம்பியிலிருந்து வந்திருக்கிறது.

இரண்டே கம்பிகளில் எல்லாக் கருவிகளும் தொங்குகின்றன. நான் படித்த கன்னியர் மடத்து வகுப்பறை போலத்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணை அழைத்தால் அது மட்டும் எழுந்து பதில் சொல்லும். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால்? இரண்டும் எழுந்து ஒரே சமயத்தில் பேசும். எந்த எண்ணையும் கருவிகள் ஒன்றும் பூஜ்யமுமாகத்தான் சொல்லும். கம்பியில் 'ஒன்று' சொல்வதென்றால் சும்மா விடுவது. 'பூஜ்யம்' சொல்வதென்றால் கீழே இழுப்பது. இழுப்பவன்தான் ஜெயிப்பான். இரண்டும் ஒத்துக்கொண்ட ஒன்றுகள் மட்டுமே மிஞ்சும்.

பாகு சுண்டும் முன் கொப்பரையின் 104 என்பது, அந்தக் கணக்கில், 64, 32, 8 சேர்ந்தது. பச்சைச் சாறு கொதிக்கும் பின் கொப்பரை எப்போதும் 101. அதாவது 64, 32, 4, 1. இரண்டுக்கும் பொதுவானவை 64-உம் 32-உம். கூட்டினால் —

96.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பின் கொப்பரையில் யாரோ அதே வகை உணரி இன்னொன்றை, எண்ணைக்கூட மாற்றாமல், என் கம்பிகளிலேயே மாட்டியிருக்கிறார்கள். சமையலறையில் செய்து பார்த்தேன். ஓர் உணரி கொதிநீரில், அதே எண்ணுள்ள மற்றது பனிக்கட்டி நீரில். பக்கத்தில் பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது, திரையில் பூஜ்யம்!

மார்ச் 24, ஞாயிறு

பூசை முடிந்து ஆர்மான் வீட்டில் சாப்பாடு. நின்றபடியே எல்லாவற்றையும் விளக்கினேன். பீன்ஸ் ஆறிப்போனது.

"பின் கொப்பரையில இன்னொரு உணரி மாட்டினது யாரு?"

ஆர்மான் ரொட்டியைப் பிய்த்தான். "யாரும் எதையும் தொடலை அண்ணி. உங்களுக்கு வயசாயிருச்சு. அதை ஒத்துக்கறதுல என்ன கேவலம்?"

"நான் கேட்டது யாருன்னு. என் வயசை இல்ல."

"மாட்டினாத்தான் என்ன? பச்சை விளக்கு எரிஞ்சா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்!"

பச்சை விளக்கைப் பற்றி நான் பேசவே இல்லை; உணரியை மாட்டியதும் அதில் எரிவது அது, மாட்டியவன் கண்ணில்தான் படும்.

ஜினெட் அப்பாவைப் பார்த்தாள். "கருவியைக் கழட்டுறதை அப்புறம் பேசிக்கலாம்," என்றாள்.

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை. கோட்டை எடுத்துக் கொடுக்கக்கூட ஒருத்தரும் எழுந்திரிக்கலை. அவனுக்கு நான் என்ன பண்ணினேன்? ஃபெர்னான் இருந்திருந்தா என் முன்னாடி இப்படிப் பேசுவானா? திரும்பி வரும்போது கண்ணில் நீர் — குளிர்காற்று.

மார்ச் 26

ஜினெட் போனில்: "இன்னிக்கு நூத்துநாலுல டக்குனு திறந்துச்சு பெரியம்மா! பின் கொப்பரைகிட்ட வெட்டின கம்பி தொங்குது. நான் வெட்டலை."

"உங்க அப்பா எங்க?"

"காய்ச்சல்னு படுத்திருக்காரு."

காய்ச்சலாம்! எத்தனை டிகிரியோ.

மார்ச் 28, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு டின் பாகு. பொன் நிறம், நானே குறை சொல்ல முடியாது. அதன்மேல் கொட்டகைச் சாவி, கைக்குட்டையில் முடிந்து. கைக்குட்டையை உதறிப் பார்த்தேன். எழுதிய ஒரு வரிகூட இல்லை.

இன்று ஜினெட்டிடம் கொடுத்தனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஆர்மான், பாகு கிடைத்தது. சாவியை இப்போதைக்குத் திருப்பி அனுப்புகிறேன். பின் கொப்பரைக்கும் உணரி வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம்; வேறு எண் கொடுத்து நானே மாட்டித் தருவேன், இப்போதும் தருவேன். ஆனால் கொப்பரை கருகியபோது நான் எங்கே இருந்தேன், இரண்டாவது உணரியை யார் மாட்டியது, இந்த இரண்டையும் நீ சொல்ல வேண்டும். வாயால் அல்ல, ஜினெட் மூலமாகவும் அல்ல. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு. மத்தில்ட்."