செருப்பு மிதந்த வீடியோ

அம்மாவுக்கு, நான் நலம். முதலில் இதை நம்பிவிட்டு மேலே படி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரை போடுகிறாரா?

போன மாதம் மழையில், பின்னால் இருக்கும் மலையிலிருந்து எங்கள் லாண்டரிக்குள் முட்டியளவு சேறு வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. கூத்து அதற்கப்புறம்தான். எதையும் பெரிதாக்கிச் சொல்லும் எங்கள் முதலாளி, இன்சூரன்ஸ் ஆபீசரிடம், "மலையே சரிஞ்சு கடைக்குள்ள விழுந்துடுச்சு சார்" என்று கையை விரித்தார்.

ஆபீசர் பேனாவை மூடிவிட்டார். "உங்களோடது வெள்ளத்துக்கான பாலிசி. மண் சரிஞ்சு விழுந்தா அதுல வராது."

பணம் வராவிட்டால் கடையும் இல்லை, என் வேலையும் இல்லை. நான்தான் சேறு ஓடுகிற வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறவன் ஆயிற்றே, நீகூடத் திட்டுவாயே. சரிவது வேறு, ஓடி வருவது வேறு என்று எனக்குத் தெரியும். "சார், மண்ணு சரிஞ்சு விழல. தண்ணியோட கலந்து ஓடி வந்துச்சு, பாருங்க" என்று நான் எடுத்த வீடியோவைக் காட்டினேன். சேறு கஞ்சி மாதிரி ஓடி வருகிறது. மேலே என் செருப்பு படகு மாதிரி மிதந்து போகிறது.

ஆபீசர் மூன்று தடவை பார்த்தார். "ஓடி வந்த சேறுன்னா பாலிசில சேரும்" என்று பேனாவைத் திறந்தார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நீ வீடியோ பாருடா, நான் துவைக்கிறேன்" என்றார். நேற்று பணம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கடை திறக்கிறோம்.

அது நீ வாங்கித் தந்த செருப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். இருந்தாலும் நீயே போய்ப் பார்த்து வாங்கி அனுப்பு, அதே ஒன்பதாம் நம்பர்.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன். வீடியோவை மட்டும் கேட்காதே. செருப்பு எப்படிக் காலைவிட்டுப் போனது என்று கேட்பாய்.

உன் மகன்