அலுமாரியில் வைத்த நப்தலீன்

ஜூலை 9, வியாழன்

பிறந்து பத்து நாளான மகனைத் திகனயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். காலையில் அவன் கண்கள் மஞ்சளாகியிருந்தன.

யாழ்ப்பாணத்து டொக்டர் கேட்டார்: "பிள்ளையின்ர உடுப்புக்குள்ள நப்தலீன் உருண்டை வச்சனீங்களோ?"

"ஓ டொக்டர். மூத்தவள்ட பழைய உடுப்பு, அலுமாரியில வெச்சிருந்த."

"சில பிள்ளையளுக்கு அந்த ஆவி இரத்தத்தை உடைச்சுப்போடும்."

நான் விஞ்ஞான ஆசிரியை. திண்மம் திரவமாகாமலே வாயுவாகும் என்று அதே உருண்டையைக் காட்டித்தான் வருடந்தோறும் படிப்பிக்கிறேன். அலுமாரியில் அவை மிளகளவாய்த் தேய்ந்திருந்தும், தேய்ந்தது எங்கே போனது என்று யோசிக்கவில்லை.

விடியுமுன் மஞ்சள் இறங்காவிட்டால் இரத்தம் மாற்ற வேண்டுமாம். மஞ்சளை இறக்கும் நீல வெளிச்சத்துக்குக் கீழே கண்கட்டோடு கிடக்கிறான்.

பால் கொடுக்க வரச்சொல்லித் தாதி மிஸி கூப்பிடுகிறார். நான் உடுத்திருப்பதும் அந்த அலுமாரியிலிருந்து எடுத்ததுதான். அவனைத் தூக்கப் பயமாக இருக்கிறது.