புரட்டாசிச் சனியும் ஒரு மாத்திரையும்

ஆவணி 30, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாத்திரை ஆரம்பம். தினம் ஒன்று, மூன்று வருடம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. சிறுகுடலில் இருந்த கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. திரும்ப முளைக்காமல் இருக்கத்தான் இது. விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

பள்ளிக்கூடத்து மின்மணி ஒருநாள் பொத்தான் சிக்கி ஓயாமல் அடித்தது. கட்டியும் அப்படித்தானாம், செல்லுக்குள் ஒரு பொத்தான் சிக்கியதால் வளர்ந்தது. மாத்திரை அதை விடுவிக்கும். மரபணுப் பரிசோதனையில் என் கட்டி இந்த மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை என்று வந்தது. எவ்வளவு பெரிய கொடுப்பினை.

வாங்க: பழுப்புச் சர்க்கரை, டார்ச் பேட்டரி.

புரட்டாசி 2, வியாழன்

கண்ணைச் சுற்றி வீக்கம். மாத்திரையால் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மலைமேல் கரியாலூரிலிருந்து ராமன் வந்தார், நான் வேலை பார்த்த விடுதிப் பள்ளியில் சமையல்காரர். ஒரு பை சாமை. என்னைப் பார்த்ததும், "இன்னா சார், கண்ணு ரெண்டும் பணியாரமாட்டம் கீது?"

வாய் வழியாக ஒன்று, ஆசனவாய் வழியாக ஒன்று என்று ரெண்டு கேமராக் குழாய் விட்டும் கட்டி எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார். மலைப்பாதையை வைத்துச் சொன்னேன். மேலிருந்து கிளம்பிய பஸ் கரியாலூரைத் தாண்டவில்லை. கீழிருந்து கிளம்பியது அடிவாரத்தில் திரும்பிவிட்டது. நடுவே உள்ள வளைவுகளில் யாரும் போகவில்லை, கட்டி அங்கேதான். ஸ்கேன்தான் வளைவு வளைவாகத் தேடியது.

என் தப்பும் உண்டு. ரத்தம் கம்மி என்று ஆறு மாதம் இரும்பு மாத்திரை. மலம் கறுப்பாகப் போனதை அதன் வேலை என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் அதையெல்லாம் பேசுவாரா என்ற கூச்சம். கடைசியில் டாக்டர் அந்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். அப்போதும் கறுப்பு. உள்ளே கசிந்த ரத்தம். அந்த ஒரு வாரத்தை யோசித்த டாக்டர் நன்றாக இருக்கட்டும்.

புரட்டாசி 3, வெள்ளி

வீட்டுக்காரி மல்லிகா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் அறை வாசலில் நின்று பெருமாளிடம் நேர்ந்துகொண்டாளாம். நான் பிழைத்து வந்தால் புரட்டாசிச் சனி அத்தனையும் நான் விரதம் இருப்பேன் என்று. என் பெயரில்! சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு முதல் சனி.

இருப்பதாகச் சொன்னேன். அன்று வாசலில் தனியாக நின்றவள். இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி.

புரட்டாசி 4, சனி

வெறும் வயிற்றில் மாத்திரை. அரை மணியில் வாந்தி, மாத்திரையோடு. ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். இன்று இன்னொன்று போடக்கூடாது, நாளை வழக்கம்போல ஒன்று என்றார். பிறகு: "வாத்தியாரா இருந்துகினு சொன்னத கேக்காம விட்டா எப்டிங்க சார்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மல்லிகா அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் மாத்திரை போயிற்று.

புரட்டாசி 7, செவ்வாய்

மூன்று நாளாக மாத்திரை தங்குகிறது. பாதத்தில் லேசான வீக்கம். மின் கட்டணம் கட்டியாயிற்று. வருகிற சனியும் இருப்பதாகத்தான் வாக்கு.

புரட்டாசி 11, சனி

நல்ல வெயில். குளித்து, நாமம் இட்டு, விரதத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். மல்லிகா முன்னால் இலை போட்டுச் சாம்பார் சாதம் வைத்தாள். அவள் நெற்றியில் நாமம்.

"நேந்துகினது நானு. நானே இருக்கறேன்."

என் பெயரில் அல்லவா என்றேன்.

"பெருமாளுக்கு இந்த வூட்ல எந்த வவுறு காஞ்சா இன்னா? துன்னுங்க, மாத்திரைக்கு நேரமாவுது."

சாப்பிட்டேன். பசி இல்லாமலே இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். 9.40 மாத்திரை. தங்கிவிட்டது.

விளக்கு வைத்த பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். ரசம் ஜாஸ்தியாக ஊற்றிவிட்டேன், இலையை விட்டு ஓடியது. கையால் அணை கட்டிச் சாப்பிட்டாள்.