பாசி தின்னும் கடல்

மட்டாஞ்சேரி
ஜூலை 1962

சிரஞ்சீவி ராமபத்ரனுக்கு அம்மா கனகாம்பாள் மனசார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அப்பாவும் க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். மதராஸில் நீ சௌக்கியமாக இருக்க பகவான் துணை. இங்கே மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, விறகு புகைகிறது, என் முழங்காலைப் பற்றி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

நீ திருப்பி அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை ஓய்ந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷர், வேற்றுக் கிரகத்துக் கடலில் வாழும் பிராணிகளை உன் பத்திரிகைக் கதைக்கு வரைந்து தரச் சொன்னாய் என்றதும்தான் எழுந்து முகம் கழுவி உட்கார்ந்தார். குடை மாதிரி விரியும் வால், வயிற்றில் விளக்கு, குஞ்சுகளைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு நீந்துவது என்று எத்தனை வரைந்தார்! எல்லாம் பாசி தின்று வாழ்கின்றன என்று அடியில் எழுதியும் வைத்தார். இப்போது உன் பத்திரிகை ஆசிரியர், எல்லாமே பாசி தின்றால் அது என்ன கடல், யாரை யார் தின்பது என்று கேட்டிருக்கிறார். கேட்பதும் நியாயம்தான். படகுத்துறைப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவர்கள் நாம், மீன் எதைத் தின்னும் என்று நம்மாத்தில் யார் கண்டது? இந்த மாசத்துக்குள் சரிப்படாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. இங்கேதான் ஒண்ணை ஒண்ணு திங்கறது, அங்கேயாவது சும்மா இருக்கட்டுமேடி என்றார், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு மீன் இறங்கும் துறைக்கே போயிருக்கிறார். அங்கே அவருடைய பழைய மாணவன் ஒருவன், மாஷே, இவ்விடே எந்தா, மாஸ்டருக்கு இங்கே என்ன வேலை என்று பதறிப்போனானாம். அப்பா வீட்டுக்கு வந்து, தலை முழுகிவிட்டு, ஒரு பெரிய பிராணி வரைந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் மனுஷப் பல், கடைவாய்ப்பல் உள்பட! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்த வாய்க்கு எதிரே குஞ்சை வரையக் கை வரவில்லை அவருக்கு. பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானோ சேனைக்கிழங்கை நறுக்கிவிட்டு அரிக்கும் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அலுப்பில், வயசாகி ஓய்ந்துபோனது தானே கீழே இறங்கிடும், அதைத் தின்னட்டுமே, எதுக்குக் குஞ்சைக் கொல்லணும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அதையே வரைந்துவிட்டார் அப்பா. ஒரு கிழட்டுப் பிராணி மெல்ல மெல்ல அடியாழத்துக்கு இறங்குகிறது, கீழே பல்காரன் காத்திருக்கிறான். கிழத்துக்கு முதுகு கூன், ஒரு துடுப்பு இடுப்பில். நான் மாடிப்படி ஏறும்போது கையை இடுப்பில் வைத்துக்கொள்வது உனக்குத் தெரியுமே. கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இதற்குக் குஞ்சுகள் கிடையாதா என்று கேட்டேன். இருக்கு, தூரத் தண்ணியிலே இருக்கு என்றார், தலை நிமிராமல்.

படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நனையாமல் இருக்க எண்ணெய்த் தாள் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. பல்லை வேண்டுமானால் உன் ஆசிரியர் மாற்றிக்கொள்ளட்டும். சரியில்லை என்றால் அதையும் நீ தபாலில் எழுதாதே, நேரில் வந்து அப்பாவிடம் சொல். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹோட்டல் சாப்பாட்டில் காரம் குறைத்துக்கொள். தீர்க்காயுசாக, குறையொன்றும் இல்லாமல் இரு. அந்தக் கிழம் இன்னும் பாதி ஆழத்தில்தான் இருக்கிறது. அடியைத் தொடுமுன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பாள்