ரேடியேட்டரில் வெந்த வேப்பிலை

நேற்று உங்களைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வேப்பிலை வாசனை போகவில்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள் கையில் சாம்பிராணி வாசனை இருந்தால் சரி, வேப்பிலைக்கு அங்கே என்ன வேலை என்று என் மகன் கேட்டான். சொல்ல ஆரம்பித்தால் உங்கள் ஜீப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அந்த வறட்சி உங்களுக்கு மறந்திருக்காது. ஏரியூருக்கு மேலே இருந்த அந்த மலையூரில் முப்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரே டீச்சர் நான். ஊர்க் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. லாரியால் அந்தப் பாதையில் திரும்ப முடியாது. டிராக்டர் தண்ணீர் டேங்க்கை இழுத்துக்கொண்டு ஏறினால் மூன்றாம் வளைவில் முன்சக்கரம் தூக்கிவிடும். அடிவாரத்தில் உங்கள் வயல் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. உங்களிடம் ஒரு ஜீப்பும் இருந்தது. "குடுக்கலைன்னா பாவம், குடுத்தா பயிரு போயிரும். பயிரு போனா போவுது" என்று சொல்லிவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தினீர்கள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற களை கொஞ்சமும் முகத்தில் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு உங்களைப் பிடித்தது.

பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப் அது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு நீங்களே டீசல் எஞ்சின் வைத்திருந்தீர்கள். அறுபது குடம் தண்ணீரோடு டிரெய்லரை மாட்டியதும் இரண்டாம் வளைவிலேயே மூச்சு முட்டி நின்றது. உடனே கல் குவாரியில் ஓடாமல் கிடந்த ஒரு மிஷினிலிருந்து டர்போ ஒன்றை வாங்கி வந்து மாட்டினீர்கள். பார்க்க இரும்பு நத்தை மாதிரி இருக்கும். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் என்றீர்கள். திணித்தது. வண்டி விசில் அடித்துக்கொண்டு மலை ஏறியது. கூடவே சூடும் ஏறியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

அடிவாரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடையாது என்பதால் தினமும் காலையில் நானும் உங்களோடுதான் வருவேன். சும்மா உட்கார விடமாட்டீர்கள். "ரோட்ட நான் பாத்துக்கறேன் டீச்சர், சூடு காட்டுற ஊசிய நீங்க பாருங்க. செவப்புல ஏறுச்சுன்னா சொல்லுங்க. பயந்துக்கிட்டு முன்னாடியே சொல்லாதீங்க, மரியாதைக்குப் பாத்துக்கிட்டு லேட்டாவும் சொல்லாதீங்க." வண்டி நின்றால் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதும் என் வேலை. டீச்சர் ட்ரெய்னிங்கில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை என்பேன். "அங்க என்னாதான் சொல்லிக் குடுத்தாங்களோ" என்பீர்கள்.

ஊசி சிவப்பைத் தொட்டதும் நிறுத்துவீர்கள். எஞ்சினை அணைக்க மாட்டீர்கள். "ஓடி வந்த மாட்ட ஒடனே படுக்க வெக்கக் கூடாதுங்க" என்று மெதுவாக ஓட விட்டு, பானெட்டைத் தூக்கி, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைக் கால் திருகு திருகிக் காத்திருப்பீர்கள். உஸ்ஸென்று ஆவி போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவீர்கள். அவசரப்பட்டால் எஞ்சின் விரிசல் விட்டுவிடும். கேனில் தனியாகக் கொண்டுவந்த தண்ணீர் முதல் நிறுத்தத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குமேல் டிரெய்லரில் ஊருக்குக் கொண்டுபோகிற டேங்க்கில்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் குழாயைத் திறக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். வீட்டுக்கு இரண்டு குடம் என்று கணக்கு. ரேடியேட்டர் இரண்டு குடம் குடித்தால் மேலே ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை.

அந்த வீடு எப்போதும் மாதம்மாவின் வீடுதான். ஊரின் கடைசியில், பள்ளத்தை ஒட்டி இருந்தது. வரிசையிலும் அவள்தான் கடைசி. இருபத்திரண்டு வயசு இருக்கும். முதல் தடவை குழாயில் காற்று மட்டும் வந்தபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். "வண்டி குடிச்சிருச்சும்மா" என்றீர்கள். அவள் சிரித்துவிட்டாள். "குடிக்கட்டுங்க. அதுக்கும் தாகந்தானே" என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தோடு பள்ளத்தில் இறங்கிப் போனாள். பாறை இடுக்கில் சொட்டுகிற ஊற்று அங்கே இருந்தது. ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆடுகூட யோசித்து இறங்குகிற சரிவு.

அன்று ராத்திரியெல்லாம் நீங்கள் தூங்கவில்லை என்று உங்கள் வீட்டம்மா சொன்னார். அடுத்த பதினைந்து நாள் அந்த வண்டியோடு நீங்கள் போட்ட சண்டையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். லாரி ரேடியேட்டரை வைத்துப் பார்த்தீர்கள். ஃபேனை மாற்றினீர்கள். டீசல் பம்பைக் குறைத்தீர்கள், சூடு குறைந்தது, இழுவையும் குறைந்தது. மறுபடி கூட்டினீர்கள். கடைசியில் ஆயில் டின்னை வெட்டி ஃபேனைச் சுற்றிக் கூடு மாதிரி ஒரு தகரம் அடித்தீர்கள். முன்பக்கம் வருகிற காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போக வேண்டும், பக்கவாட்டில் ஏமாற்றிக்கொண்டு போகக் கூடாது என்பது உங்கள் கணக்கு. கணக்கு சரியாக இருந்தது. மறுநாள் வழியில் ஒரே தடவைதான் நின்றோம். மாதம்மாவுக்கு இரண்டு குடமும் நிரம்பின. நீங்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு ஜீப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாதம்மா ஒரு கட்டு வேப்பிலையோடு வந்தாள். "வண்டிக்கு சூடு, சூடுன்னு சொல்றீங்களே. எங்க மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். வேப்பிலை குளுமைங்க. கட்டிக்கிட்டுப் போங்க, எறங்கிரும்" என்றாள். அம்மை போட்ட பிள்ளைக்குப் படுக்கையைச் சுற்றி வைப்பது போல, ஜீப்பின் முன்பக்கக் கம்பி முழுவதையும் மறைத்து, இடைவெளி இல்லாமல், மஞ்சள் துணி சுற்றிக் கட்டினாள். காற்று உள்ளே போகிற வழி அது ஒன்றுதான்.

நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் மூன்று தடவை நின்றோம். மூன்றாவது நிறுத்தத்தில் இலைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தீர்கள். "பொட்டுக் காத்து இல்லீங்க டீச்சர்" என்றீர்கள். இலை பாதி வெந்திருந்தது. அந்த வாசனை வேறு எங்கும் வராது. பச்சையும் இல்லை, கருகலும் இல்லை, கஷாயம் வைத்தது போல.

"கீழ அவுத்து வெச்சிட்டு, மேல போயிச் சேர்றப்ப மறுபடி கட்டிக்குங்களேன்" என்றேன்.

"அது ஏமாத்து வேலைங்க. எங்க மாதா கழுத்து மாலைய ஒருத்தன் அப்படிக் கழட்டிக் கழட்டி மாட்டுனா எனக்கு எப்படி இருக்கும்? அதுவும் ஒரு கிறிஸ்தவன் மாரியாத்தா வேப்பிலைய அவுத்தான்னா, மழை வராததுக்கு நான்தான் காரணம்னு ஆயிரும்." ஈரச் சாக்கை எடுத்து ரேடியேட்டர் மூடி மேல் போட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க அவங்க சாமி கும்புடறவங்க. பக்குவமா எடுத்துச் சொன்னா கேப்பாங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கடைசிவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பயம்தான். முந்தின வருடம் பள்ளிக்கூட வாசல் வேம்பில் ஒரு கிளையை வெட்டச் சொன்னதற்கே ஊர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த தனிப் பெண் நான். அந்த ஊர் முகம் திருப்பினால் எனக்கு அங்கே ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. அதனால் சனிக்கிழமை நாளைக்கு என்றேன், திங்கட்கிழமையும் நாளைக்கு என்றேன். வண்டி கொதிக்கிறது என்று கேள்விப்பட்ட மாதம்மா அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு கட்டு கூடுதலாகக் கட்டினாள். வண்டி இன்னும் கொதித்தது. அவள் குடம் இன்னும் காலியானது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள். நான் ஊசியைப் பார்ப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான்கு தடவை நின்றோம். மேலே போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசி ஆளாக மாதம்மா குடத்தை நீட்டினாள், குழாய் கரகரத்தது. அவள் புதுக் கொத்தை வழக்கம் போலக் கட்டி முடித்துவிட்டுத்தான் பள்ளத்துக்கு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் குடம் உருளுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கத்தினாள்.

முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவளை ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தோம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இறக்கம்தானே, எஞ்சினுக்கு வேலையே இல்லை. வழியெல்லாம் ஊசி நடுவை விட்டு அசையவில்லை. பாதி மலையில் அவள் கண்ணைத் திறந்து, "வண்டி சூடாவுலீங்களா?" என்றாள்.

"இல்லம்மா" என்றீர்கள்.

"பாத்தீங்களா, வேப்பிலை" என்றாள்.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டே ஓட்டினீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலியில் கிடக்கிறவளிடம் என்ன சொல்வது? அப்போதும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பத்து நாளில் மழை வந்தது. ஜீப் கொட்டகைக்குப் போனது. மாதம்மாவின் எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் வளைந்தே சேர்ந்தது. அதற்கப்புறம் தருமபுரி பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ எங்கே பார்த்தாலும் என் சௌக்கியத்தைக் கேட்பதற்கு முன்னால், "மாதம்மா எப்படி நடக்குதுங்க?" என்றுதான் கேட்பீர்கள். நல்லா நடக்கிறாள் என்பேன். "அப்படியா" என்பீர்கள். அந்தப் பேச்சு அதற்குமேல் போனதில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேற்று உங்கள் வீட்டு வாசலில், பெட்டியை ஏற்றிக் கல்லறைக்குக் கொண்டுபோக வேன் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாதம்மா வந்தாள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு கட்டு வேப்பிலை. யாரும் தடுக்கவில்லை. நேராக வேனின் முன்பக்கம் போய், அதே மாதிரி, காற்று போகிற கம்பியை மறைத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

என்ன தைரியம் வந்ததோ, நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். "மாதம்மா, அங்க வேண்டாம். அதுலதான் காத்து போவணும். மறைச்சா வண்டி சூடாயிரும்."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்படீங்களா?" என்றாள். அவ்வளவுதான். கட்டின கொத்தை அவிழ்த்து என்னிடம் பாதியைக் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டினோம். "எங்க கட்டுனா என்னங்க டீச்சர், ஆத்தா ஆத்தாதான்" என்றாள். முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அந்த ஜீப்புக்கும் இதயே சொல்லியிருக்கலாமுல்ல, கண்ணாடியிலயே கட்டியிருப்பனே" என்றாள். எதையும் குத்திக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியாது. வேன் கிளம்பியது. காலை இழுத்து இழுத்து உங்கள் பின்னால் நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட அன்றே நான் சொல்லியிருந்தால் அவளும் இதே 'அப்படீங்களா'வைத்தான் சொல்லியிருப்பாள்.

அவளிடம் முழுவதையும் சொல்ல வேண்டும். அந்தக் குடங்கள் ஏன் காலியாயின, அவள் ஏன் அந்தச் சரிவில் இறங்க வேண்டி வந்தது, எனக்கு எப்போதிருந்து தெரியும், எல்லாவற்றையும். நாளைக்கு மலைக்குப் போகிறேன் என்று உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். எழுதின பிறகுதான் அந்த வரியின் முதல் வார்த்தையைப் பார்த்தேன். அதே 'நாளைக்கு'.